மின்கலத் தந்தை வோல்டாவும் எங்கள் ட்ரைவர் கோடும்



ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எடிசன், ஐன்ஸ்டீன், சர் சி.வி. ராமன் எல்லாரையும் எனக்கு முன்னாடியே மற்ற பிரிவுக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. மிச்சம் இருந்தவர்களில் நான் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டவர் அலெசாண்ட்ரோ வோல்டா. லேபில் மல்டிமீட்டரைத் திருகும்போதெல்லாம் இவர் பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் ஆள் யார் என்று கேட்டால், மின்கலத்தைக் கண்டுபிடித்தவர் என்ற ஒரு மார்க் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் பேட்டரி ட்ரைவர் கோடு ஒன்றை வரி வரியாகச் சரிபார்க்கிற வேலை என்னிடம் வந்தது. எழுதியவன் என் நண்பன், ரிவ்யூ செய்ய வேண்டியவன் நான். அடுத்தவன் எழுதியதில் குறை தேடுவது யாருக்கும் இனிப்பான வேலையில்லை. அந்தச் சமயத்தில்தான் வோல்டாவின் வரலாறு கையில் கிடைத்தது. ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்தார், ஓர் இடம் இடிக்கிறதே என்று நின்றார், அங்கே பேட்டரி பிறந்தது என்று அதில் இருந்தது. அப்புறம் விடுவேனா, முழுசாகப் படித்து முடித்தேன்.

வோல்டா 1745 பிப்ரவரி 18 அன்று, வடக்கு இத்தாலியில் கோமோ என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தார். இத்தாலி என்று ஒரே நாடு அப்போது கிடையாது. கோமோ, மிலான் பக்கமெல்லாம் ஆஸ்திரிய அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்தன. பிரபு குடும்பம் என்று பேர்தான், கையில் காசில்லை. பிள்ளை நாலு வயது வரை சரியாகப் பேசவில்லை என்றும், வீட்டார் ரொம்பக் கவலைப்பட்டார்கள் என்றும் சொல்வார்கள். சின்ன வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். அவர் விட்டுப் போனது கடன். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் பாதிரியார்கள். பையனையும் அந்தப் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை என்றானதும் வக்கீலுக்குப் படி என்றார்கள். பையனோ மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டான்.

பல்கலைக்கழகத்துப் பக்கம் போய் அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை. டிப்ளமோவா என்று யாராவது இளக்காரமாகக் கேட்டால் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது! பதினெட்டு வயசிலேயே பாரிஸில் இருந்த நோலே என்ற பெரிய மின்னியல் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். 1769-ல் முதல் நூல் வந்தது. 1774-ல் சொந்த ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. மறு வருஷம் எலக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியை உருவாக்கினார். பிசின் தகட்டை ஒருமுறை தேய்த்து வைத்தால் போதும், அதன்மேல் உலோகத் தட்டை வைத்துத் தொட்டு எடுக்க எடுக்க மின்னூட்டம் வந்துகொண்டே இருக்கும். 1776-ல் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி, குமிழ் குமிழாக வந்த வாயுவைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். மீத்தேன் அது. நம்ம வீட்டுச் சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதே வாயுதான்.

1778-ல் பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். (ஊர் பேரே பாவியா! சிரிக்காதீங்க, ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.) ஏறத்தாழ நாற்பது வருஷம் அவர் பெயர் அந்த இடத்தோடு சேர்ந்திருந்தது.

பேட்டரிக்கு முன்னாலேயே வோல்டா செய்த ஒரு காரியத்தை நம் பாடப் புத்தகங்கள் ஓட்டமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. மின்சாரத்தின் அளவு வேறு, அதன் அழுத்தம் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். ஒரு பொருளில் உள்ள மின்னூட்டம் எவ்வளவு என்பது அதன் கொள்ளளவையும் அழுத்தத்தையும் பெருக்கினால் வரும் என்றார். நம்ம கண்மாயை நினைத்துப் பாருங்கள். மடைக்கிட்ட ஆளுயரத் தண்ணீர் நிற்கிறது என்றால் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? நீர்ப்பிடிப்பு எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். மடையில் நிற்கும் உயரம்தான் வோல்டேஜ். கண்மாயில் கிடக்கிற மொத்தத் தண்ணீர் சார்ஜ். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி தவளைக் கதைக்கு வருவோம். போலோன்யா நகரத்தில் கால்வானி என்று ஓர் உடற்கூறுப் பேராசிரியர் இருந்தார். நல்ல மனிதர், கவனமான சோதனைக்காரர். செத்த தவளையின் காலில் செம்புக் கொக்கியைக் குத்தி இரும்புக் கம்பியில் மாட்டியபோது கால் வெட்டி இழுத்தது. தவளையின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் தேங்கி இருக்கிறது, உலோகம் அதை வெளியே எடுத்துவிடுகிறது என்று முடிவு கட்டி, 1791-ல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க ஒரே பேச்சு. தவளைகளுக்குத்தான் கெட்ட காலம்!

1792-ல் இந்த நூல் வோல்டாவிடம் வந்து சேர்ந்தது. முதலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாமலேயே மறுத்து எழுதிவிடவும் இல்லை, சோதனைகளைத் தன் கையால் திரும்பச் செய்தார். கால் துடித்தது! உடனே கால்வானியை மனம் விட்டுப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்னொரு ரசிகராகப் போயிருப்பார். அவரோ ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே உலோகத்தை வைத்தால் துடிப்பு பெரும்பாலும் வரவில்லை. வேறு வேறு உலோகம் வைத்தால் நன்றாகத் துள்ளியது. அப்புறம் தசையை விட்டுவிட்டு, நரம்பில் மட்டும் இரண்டு இடத்தில் இரண்டு உலோகங்களைத் தொட வைத்தார். அப்போதும் கால் துள்ளியது. நரம்புக்கும் தசைக்கும் நடுவே மின்சாரம் பாய்கிறது என்ற விளக்கம் அங்கே ஆட்டம் கண்டது. தன் நாக்கின் மேல் ஒரு பக்கம் வெள்ளீயத் தாளும் மறுபக்கம் வெள்ளிக் காசும் வைத்து இரண்டையும் தொடவிட்டார். புளிப்புச் சுவை வந்தது. அப்படியானால் மின்சாரம் பிறக்கிற இடம் தவளை இல்லை, இரண்டு உலோகங்கள் சேர்கிற இடம். தவளை வெறும் மீட்டர்தான்!

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் கோடுதான் ஞாபகம் வந்தது. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரைவர் என்றால் இங்கே லாரி ஓட்டுகிறவர் இல்லை. விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்வது எங்கள் ப்ராஜெக்ட். உள்ளே லினக்ஸ் ஓடுகிற சின்ன போர்டு, ஒரு லித்தியம் அயான் செல், மேலே சோலார் தகடு. செல்லில் எத்தனை வோல்ட், எவ்வளவு சூடு என்று அளக்கிற சிப் ஒன்று போர்டோடு ரெண்டு கம்பி வழியாகப் பேசும். அந்தச் சிப் சொல்வதை வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற கணக்கில் மாற்றித் தருகிற ப்ரோகிராம்தான் ட்ரைவர்.

நண்பன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். போர்டில் ஓட்டினான், 3.9 வோல்ட் காட்டியது, மல்டிமீட்டரும் அதையே காட்டியது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் செய்தது ஒன்றுதான். சிப்புக்குப் போகிற கம்பியைப் பிடுங்கினேன். திரையில் 65.53 வோல்ட் என்று வந்தது! 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போகாத செல்லுக்கு அறுபத்தைந்து வோல்ட் எங்கிருந்து வரும்? கம்பி இல்லாததால் படிப்பு தோற்றுப் போய், மைனஸ் 6 என்ற பிழை எண் திரும்பி வந்திருக்கிறது. அதை அவன் மைனஸ் குறியே வைத்துக்கொள்ள முடியாத 16 பிட் பெட்டிக்குள் போட்டுவிட்டான். 65536-ல் 6 போனால் 65530. அதை மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொண்டது கோடு. கீழே பூஜ்யத்துக்குக் குறைவா என்று ஒரு சோதனை எழுதியிருந்தான்தான். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது எந்தக் காலத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

அடுத்தது இதைவிட மோசம். லினக்ஸில் பேட்டரிக்கு என்று ஓர் அளவு முறை உண்டு. வோல்டேஜை மைக்ரோவோல்ட்டில் சொல்ல வேண்டும், வெப்பத்தை டிகிரியில் பத்தில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். 45 டிகிரி என்றால் 450 என்று கொடுக்க வேண்டும். நண்பனின் கோடு 45 என்றே கொடுத்தது. லினக்ஸ் அதை 4.5 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். லித்தியம் அயான் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேலே சார்ஜ் போடக்கூடாது என்று வரம்பு வைக்கிறார்கள். நம்ம கரிசக்காட்டில் சித்திரை வெயிலில், தகரப் பெட்டிக்குள்ளே அந்தச் சூடு வராமலா இருக்கும்? செல் கொதித்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் மார்கழி என்று நினைத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பருத்திமார் படப்பு இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களோடு உட்கார்ந்திருந்த மூன்றாவது நண்பன் இன்னொன்றைப் பிடித்தான். பவர் கணக்குக்கு மைக்ரோவோல்ட்டையும் மைக்ரோஆம்பியரையும் அப்படியே பெருக்கியிருந்தது. நாற்பது லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 32 பிட்டில் அடங்குமா? அதில் 214 கோடிச் சொச்சம்தான் கொள்ளும். அப்புறம் கண்மாய் விஷயம். 3 வோல்ட் என்றால் காலி, 4.2 வோல்ட் என்றால் நிறைவு, நடுவில் நேர்கோடு என்று வைத்துச் சதவீதம் போட்டிருந்தது. 3.7 வோல்ட்டுக்கு 58 சதவீதம் என்று காட்டும். சும்மா கிடக்கிற செல்லில் அந்த வோல்டேஜ் வரும்போது சார்ஜ் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அழுத்தம் வேறு, அளவு வேறு என்று இருநூறு வருஷத்துக்கும் முன்னால் வோல்டா சொன்ன அதே சங்கதி!

நண்பன் ரெண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே அந்தக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தான். அப்புறம் சரியாகிவிட்டது.

வோல்டாவுக்கும் கால்வானிக்கும் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கால்வானி கூச்ச சுபாவம் உள்ளவர், அவருக்காக அவருடைய மருமகன் ஆல்டினி மல்லுக்கு நின்றார். ஆனால் இரண்டு பேரும் மரியாதை தவறவில்லை. இந்தப் புது மின்சாரத்துக்குக் கால்வானிசம் என்று பேர் சூட்டியவர் யார் தெரியுமா? எதிர்க்கட்சி வோல்டாதான். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி என்று ஹார்டுவேர் கடையில் கேட்கிறோமே, அந்த முதல் எழுத்து கால்வானியின் பேர்தான். 1794-ல் இங்கிலாந்து ராயல் சொசைட்டி வோல்டாவுக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. அதே வருஷம் தெரேசா பெரக்ரீனி என்ற பெண்ணை மணந்தார், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கால்வானியின் கடைசிக் காலம் சோகம். நெப்போலியன் அமைத்த புது அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் வேலையை இழந்தார், 1798 டிசம்பரில் காலமானார்.

தவளையே இல்லாமல், எந்த உயிரும் இல்லாமல் இதைக் காட்டினால்தான் வழக்கு தீரும் என்று வோல்டாவுக்குத் தெரிந்திருந்தது. 1799-ல் ஆஸ்திரியப் படை திரும்பி வந்தது, பாவியா பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. வோல்டா கோமோவில் வீட்டோடு இருந்தார். அந்தச் சமயத்தில்தான் வெள்ளி அல்லது செம்பு வட்டு ஒன்று, அதன்மேல் துத்தநாக வட்டு ஒன்று, அதன்மேல் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று முப்பது, நாற்பது, அறுபது என அடுக்கிக்கொண்டே போனார். ஒரு ஜோடிக்கு ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அடுக்கினால் கூடிக்கொண்டே போகும். அடியில் ஒரு விரலும் உச்சியில் ஒரு விரலும் வைத்தால் ஷாக் அடித்தது. ஒரு தடவை அடித்து ஓயவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. உலகத்தில் முதன்முதலாக மனிதன் கையில் தொடர்ந்து ஓடுகிற கரண்டு கிடைத்தது அப்போதுதான்.

இதை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வோல்டா எழுதிய கடிதத்தின் தேதி 1800 மார்ச் 20. நம்ம பக்கத்துக் கணக்கில் சொல்வதானால், கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். அதற்கு ஐந்து மாசம் கழித்து. பாஞ்சாலங்குறிச்சி மண் ஈரம் காயாத காலம்.

கடிதம் முழுசாக அச்சேறும் முன்பே விஷயம் கசிந்துவிட்டது. லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் சொந்தமாக அடுக்கு செய்து, மே மாதமே தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்தார்கள். 1807-ல் டேவி இதே வழியில் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பிரித்தெடுத்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். செம்புத் தகட்டுத் துண்டுகள், ஜி.ஐ. வாஷர்கள், தூத்துக்குடி உப்பு கரைத்த தண்ணீரில் நனைத்த அட்டை. ஐந்தாறு ஜோடி அடுக்கினால் சிவப்பு எல்.இ.டி மங்கலாக மினுங்கும். வாஷருக்குச் செம்பு, செம்புக்கு வாஷர் என்று வரிசை மாறாமல் இருக்கணும், தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாது.

இவ்வளவு பெரிய பரிசோதகர் கண்ணிலும் ஒன்று தப்பியது. உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்துக்குப் போதும், உப்புத் தண்ணீர் வெறும் வழிகாட்டி என்று வோல்டா கடைசி வரை நம்பினார். துத்தநாகம் அரித்துப்போவதை ஒரு தொந்தரவாக மட்டும் பார்த்தார். அந்த அரிப்புதான் கரண்டையே தருகிறது! துத்தநாகம் கரைகிற வரைதான் பேட்டரிக்கு உயிர். ஃபாரடே முதலானவர்கள் பின்னால் இதை நிறுவினார்கள். கால்வானியும் முழுக்கத் தோற்கவில்லை. உலோகமே இல்லாமல், தவளையின் நரம்பைத் தசையில் தொடவைத்தாலே கால் துடிப்பதை 1794-லேயே அவர் பக்கம் காட்டியிருந்தார்கள். உடம்பில் மின்சாரம் உண்டுதான். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பது எப்படி? கால்வானியைத் தோற்றவராக எழுதுகிற புத்தகங்கள் அவருக்கு அநியாயம் செய்கின்றன என்பது என் கருத்து.

வோல்டாவின் அடுக்கிலிருந்து கிளை கிளையாக வந்தது இன்றைய பேட்டரி. 1836-ல் டேனியல் கலம், 1859-ல் பிளாண்டே செய்த ஈய அமில பேட்டரி (நம்ம ட்ராக்டரில் இருப்பது அந்த வம்சம்), 1991-ல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயான். நம்ம மாநிலத்திலும் இதற்கென்று ஓர் இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது.

1801 நவம்பரில் பாரிஸில் நெப்போலியன் முன்னால் வோல்டா தன் அடுக்கைச் செய்து காட்டினார். தங்கப் பதக்கம், உதவித்தொகை, பின்னால் செனட்டர் பதவி, 1810-ல் பிரபு பட்டம் எல்லாம் வந்தன. வேலையை விட்டுவிடுகிறேன் என்று கேட்டும் நெப்போலியன் எளிதில் விடவில்லை. ஆட்சி மாறி ஆஸ்திரியர்கள் வந்தபோதும் அவர் மரியாதை குறையவில்லை. இந்த விஷயத்தில் கால்வானி மாதிரி உறுதியானவர் இல்லை வோல்டா, வளைந்து கொடுத்துப் போகத் தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். 1814-ல் பிள்ளைகளில் ஒருவனான ஃப்ளாமினியோ இளவயதில் இறந்துபோனான். அந்த அடி அவரை ஒடுக்கிவிட்டது. அடுக்குக்குப் பிறகு பெரிதாக எதுவும் அவர் கண்டுபிடிக்கவில்லை. 1819-ல் ஓய்வு பெற்று, கோமோவுக்குப் பக்கத்தில் கம்னாகோ கிராமத்தில் தங்கிவிட்டார்.

1827 மார்ச் 5-ல் தம் 82-ஆம் வயதில் காலமானார். கணக்குப் பேப்பரில் நம்மைப் பாடாய்ப் படுத்துகிற லாப்லாஸும் அதே நாளில்தான் பாரிஸில் இறந்தார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, மின்னழுத்தத்தின் அலகுக்கு வோல்ட் என்று பேர் வைத்தது. அவர் அடக்கமான கிராமத்தின் பேரும் இப்போது கம்னாகோ வோல்டா.

அடுக்கு பிறந்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட 1899-ல் கோமோவில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அவர் கைப்பட்ட கருவிகளையெல்லாம் கொண்டு வந்து அடுக்கினார்கள். ஜூலையில் அங்கே தீப்பிடித்து, பெரும்பாலானவை எரிந்து சாம்பலாயின. அதே ஊரில் ஏரிக்கரையில் 1928-ல் அவருக்கு ஒரு நினைவாலயம் திறந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவற்றில் சில தீயில் தப்பியவை. மற்றவை அதே மாதிரி மறுபடி செய்து வைத்தவை.